ஜெயந்தியின் ஏழு கோடுகள்

8 ஜூலை 1997, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். அடையாறு டெப்போவிலிருந்து லேபுக்கு நடை. ஏ.சி. சரியில்லை, லேசர் ஒரு நிலையில் நிற்கவில்லை.

"அங்க என்னதான் பண்றே?" என்று அம்மா நேற்று. சொன்னேன்: அசிட்டிலீன் வாயுவை மின்சாரத்தால் உடைத்தால் ரேடிக்கல் என்று ஒரு துணுக்கு. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆயுசில்லை. அதற்குள் அகச்சிவப்பு லேசரில் எந்த அலைநீளத்தை விழுங்குகிறது என்று பிடிக்க வேண்டும். பிடித்தால் வரைபடத்தில் ஒரு கோடு. "அவ்வளவுதானா?" என்றாள்.

ஜெ. (ஜெயந்தி, எனக்கு இரண்டு வருடம் சீனியர்) பிடித்தது ஏழு. கட்டுரை தயார். வெள்ளிக்கிழமை சார் (எங்கள் கைடு) தபாலில் பத்திரிகைக்கு அனுப்புகிறார். அவள் முகத்தில் சந்தோஷமே இல்லை. "ஏழும் அந்த ரேடிக்கலோடதுதான்னு என்னால சத்தியம் பண்ண முடியலடி."

9 ஜூலை, புதன்

ஜெ. யோசனை: வாயு உடையும் குழாயைச் சுற்றிக் காயில் (கம்பிச்சுருள்) கட்டிக் காந்தப்புலம். ரேடிக்கல் என்றால் கோடு கலையும். சாதாரண மூலக்கூறு என்றால் அசையாது.

சார்: "அனுப்பற நேரத்துல எதுக்கும்மா?"

ஜெ.: "நாம பண்ணலேன்னா வேற யாராவது பண்ணித் தப்புன்னு சொல்லிடுவாங்க சார்."

பஸ்ஸில் சிந்தாதிரிப்பேட்டை. மோட்டார் காயில் கட்டும் கடை.

"இன்னாம்மா, எந்த மோட்டாருக்கு?"

"மோட்டார் இல்லைங்க, காந்தம்."

"இன்னாத்த இஸ்துக்கும்?"

"ஒண்ணையும் இழுக்காது. ஒரு கோடு கலையுதான்னு பாக்கணும்."

சிரித்தார். ஆனாலும் கம்பிமேல் கம்பி ஏறாமல் அழகாகக் கட்டித் தந்தார்.

வாங்க வேண்டியவை: டேப், பேனா மை, அம்மாவுக்கு வெற்றிலை.

11 ஜூலை, வெள்ளி

கரண்ட் போகவில்லை, பெரிய விஷயம். முதல் கோடு கலைந்தது. இரண்டாவதும். மூன்றாவது அசையவே இல்லை. மூன்று தடவை பார்த்தாயிற்று.

"புலம் போதலையோ என்னவோ" என்றேன், ஆறுதலுக்கு.

"எல்லாம் ஒரே வகைன்னுதானே எழுதியிருக்கேன். அப்ப இதுவும் கலைஞ்சிருக்கணும்."

மதியத்துக்குள் முடிந்தது. கலைந்தவை மூன்று. அசையாதவை நான்கு. இரண்டு வருட உழைப்பில் பாதிக்கு மேல். கரும்பலகையில் எழுதியிருந்த ஏழில் அந்த நான்கையும் அவளே அழித்தாள். பிறகு முகம் கழுவப் போனாள். திரும்பியபோது கண் சிவப்பு. எனக்கு அந்தத் தைரியம் வருமா?

சார் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். "மூணை வெச்சு என்ன எழுதறது?"

"மூணும் நிஜம் சார். அதை எழுதலாம்."

உறையைக் கிழித்துக் கட்டுரையை அவள் கையில் கொடுத்தார். "திருத்திக் குடும்மா. உன் பேர் முதல்ல இருக்கட்டும்."

12 ஜூலை, சனி

பத்து நிமிஷ மழை. செருப்பு வார் அறுந்தது.

என் நோட்டில் போன வருடக் கோடுகள் இரண்டு. கருத்தரங்கில் கைதட்டல் வாங்கியவை. அவற்றையும் சோதிக்கலாம் என்று நானேதான் ஜெ.யிடம் சொன்னேன். காயிலை என் குழாய்க்கு மாற்றிக் கொடுத்தாள்.

முதலாவது அசையவில்லை. இரண்டாவதற்கு இப்போது போகிறேன்.