ஆள்காட்டி முட்டைக்கு வைத்த முள்

தம்பிக்கு,

பதினொரு வருஷம் கழித்து எழுதுகிறேன். உன் பங்குக்குப் போன மேய்ச்சல் மேட்டில் ஆள்காட்டிக் குருவி தரையிலே நாலு முட்டை இட்டிருந்தது. அப்பா செய்வதுபோல் சுற்றி முள் வைத்தேன்.

மல்லாட்டைக் கடலை போடப் புல்லைக் கருக்க வந்த உன் ஆள், "முள்ளத் தொடலியே ஆயா, சுத்தித்தானே மருந்து அடிச்சிக்கினு போனேன்! அக்கா வச்சதா இருக்கும், பாத்து அடின்னு உங்க தம்பியே சொன்னாரு" என்று சிரித்தான்.

உனக்கும் அது நினைவிருக்கிறதே என்றுதான் அழுதேன். புல் கருகியது, பூச்சி செத்தது. தாய்க்குருவி இரண்டு நாள் கத்திவிட்டுப் போய்விட்டது. இன்று விடியலில் தொட்டேன், நாலும் சில்லென்று இருந்தன.

அம்மா செத்தபோது நீ சொல்லி அனுப்பாததை மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். ஆனாலும் வா. அந்த முட்டைகளைத் தனியாகப் புதைக்க எனக்குக் கை வரவில்லை.

உன் அக்கா