உன் அம்மா கல் ஏற்றிய கூரை

பக்கத்து மனையில் மாடி எடுக்கிறார்கள். காலையில் செங்கல் அடுக்கின் மேல் தண்ணீர் அடித்தார்கள். அந்த வாசனை ஜன்னல் வழியே வந்ததும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. ஆனாலும் இதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

எண்பதுகளின் கடைசியில் நாம் கல்லூரியில் சேர்ந்தபோது, நூலகம் என்பது யுத்த காலத்தில் பட்டாளத்துக்காகப் போட்ட ஒரு தகரக் கொட்டகை. மழை வந்தால் அலமாரிகளுக்குத் தார்ப்பாய் போர்த்துவார்கள். எதிரே புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. பூச்சில்லாத செங்கல் சுவர், ஒரு முழக் கனம். வடக்கே மட்டும் உயரத்தில் வரிசையாக ஜன்னல்கள், புத்தகத்தின் மேல் வெயில் படாமல் வெளிச்சம் மட்டும் இறங்குவதற்காக. அத்தனை நீளக் கூடத்துக்கு நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. மேலே செங்கல்லாலேயே வளைந்த கூரை. ஆவடி குவார்ட்டர்ஸில், ஒன்றுபோல இருக்கும் வீடுகளுக்கு நடுவே வளர்ந்த எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"விழுந்துராதாடி?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லைத் தள்ளிக்கினே நிக்குது. எப்டி விழும்?" என்றாய். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சாரத்தின் கீழே என்னோடு நடக்கும்போதெல்லாம் நீ வேகமாக நடந்ததும் எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் வருடம் புத்தகங்களை இடம் மாற்றினோம். கொட்டகையிலிருந்து புதுக் கூடம்வரை நூற்றுக்கணக்கான பேர் வரிசையாக நின்று கைமாற்றினோம். நாம் இருவரும் வாசலுக்கு உட்புறம் நின்றோம். எல்லோருடைய பேச்சும் வளைவுக்குப் போய் மழைச் சத்தம்போலத் திரும்பி இறங்கியது.

வெளியே காவலாளி ஒரு பெண்மணியை மறித்துக்கொண்டிருந்தார். "இந்தாம்மா, வேலைக்கு வந்தவங்கல்லாம் அந்தாண்ட போ. இன்னிக்குப் பசங்க மட்டுந்தான்."

"ஒரு தபா பாத்துட்டுப் போய்ட்றேன் நைனா. கூரை மூடுனப்புறம் உள்ளாற வரவே இல்ல."

நீ கையிலிருந்த புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடினாய். அந்தப் பெண்மணியின் கையைப் பிடித்து இழுத்து வந்து, உனக்கும் எனக்கும் நடுவே நிறுத்தினாய். "எங்கம்மா. இந்தக் கூரைக்குக் கல்லு ஏத்துனவங்க," என்றாய். எனக்கு மட்டுமில்லை, எல்லோருக்கும் கேட்கும்படி. அம்மா வீட்டோடு இருக்கிறாள் என்றுதான் மூன்று வருடமாக என்னிடம் சொல்லியிருந்தாய். உன் முகத்தைப் பார்த்தேன். நீ அழவில்லை. நான்தான் அழுதேன்.

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். வாய் திறந்தபடியே நின்றார். வரிசை நின்றுபோனது.

"சாரம் இருந்தப்ப ஒன்னுமே தெர்ல. இம்மாம் பெர்சாவா கீது?" என்றார் மெதுவாக. பிறகு ஒரு மூலையைக் காட்டினார். "தோ, கருப்பா ஒரு கல்லு தெர்தே, அது வெந்து கருகுன கல்லு. வாணாம்னு சொன்னேன். மேஸ்திரி கேக்கல."

நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அந்தக் கூடம் முழுக்கச் சுற்றி வந்தது. அன்று சாயங்காலம்வரை புத்தகங்கள் அவர் கை வழியாகத்தான் எனக்கு வந்தன. அதன் பிறகு எந்த விண்ணப்பத்திலும் தாயின் தொழில் என்ற இடத்தை நீ காலியாக விட்டதில்லை.

போன வாரம் உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். உன்னைப் பற்றிப் பேச இருவராலும் முடியவில்லை. நான் கிளம்பும்போது, "கூரை எப்டி கீது?" என்று கேட்டார்.

"ஒரு விரிசல்கூட இல்லம்மா."

"இருக்காது," என்றார்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அன்று வீடு வந்து சேர்ந்தேன். இன்னும் விடவில்லை.