வயிற்றுவலிக்கு ஒரு செபம்

ஜூலை 8, திங்கள்

பன்னிரண்டாம் வகுப்புக்கு ஆண் இனப்பெருக்க மண்டலம் நடத்தினேன். விந்தகம், விதைப்பை, விந்து நாளம் — படம் போட்டுப் பாகம் குறித்தேன். பின்வரிசையில் சிரிப்பு. "சிரிச்சு முடிச்சாச்சா? இப்ப எழுதுங்கடா" என்றேன். ஒத்தக்கடை வரை பஸ்ஸில் நின்றே வந்தேன். கால் கெஞ்சுகிறது.

வீட்டில் இவர் மறுபடி படுத்திருந்தார். "எங்கங்க வலிக்குது?" "அங்கதான். வலதுபக்கம் கல்லு மாதிரி இருக்கு. அம்மாகிட்ட சொல்லிராத." இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த இடத்துக்கு எங்களிடம் உள்ள ஒரே பெயர், 'அங்க'.

ஜூலை 13, சனி

டாக்டரிடம் போனோம். இவர், நான், மாமியார், கொழுந்தன் ஜினோ. யாருக்குத் தும்மல் என்றாலும் குடும்பமே டாக்டர் அறைக்குள் போய் நிற்பது எங்கள் வீட்டு வழக்கம். பெற்ற தாய் பக்கத்தில் நிற்க இவர் எதைச் சொல்வார்? "அடிவயிறு வலிக்குது சார்." வயிற்றுக்கு ஸ்கேன். எல்லாம் நார்மல். வாயு மாத்திரை. நானும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். பெரிய விலங்கியல் டீச்சர்!

ஜூலை 14, ஞாயிறு

தெருக்காரர்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில். "என் மகன் யேசுதாஸ் வயித்துவலி தீரணும்" என்று அத்தை அழ, எல்லாரும் முழங்காலில் நின்றார்கள். நல்லா இருக்கிற வயிற்றுக்கு இம்புட்டு செபம்.

ஜூலை 19, வெள்ளி

குளித்துவிட்டு வந்து, "பெருசாயிருச்சு" என்றார். இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

ஜூலை 20, சனி

வேறு டாக்டர். அத்தையும் ஜினோவும் கூடவே எழுந்தார்கள். கதவை மறித்தேன்.

"பெத்தவளையே தடுக்கிறியா?"

"ஆமா அத்தை. வெளிய உக்காருங்க."

உள்ளே போயும் இவர், "அடிவயிறு..." என்றே ஆரம்பித்தார்.

"இல்ல சார். வலது விந்தகம். கட்டி இருக்கு."

வருஷா வருஷம் வகுப்பில் சொல்லும் சொல்தான். வகுப்புக்கு வெளியே இன்றுதான் வாயில் வந்தது. இவர் தரையையே பார்த்தார். பரிசோதித்த பிறகு டாக்டர் சிரிக்கவே இல்லை.

ஜூலை 29, திங்கள்

வலதை எடுத்துவிட்டார்கள். புற்றுதான். வேறெங்கும் பரவவில்லையாம். ஆண்டவரே.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அன்பியம். "வயித்து ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சதுக்கு..." என்று அத்தை நன்றி சொல்ல ஆரம்பித்தார்.

"வயிறு இல்லம்மா" என்றார் இவர். "விந்தகம். அதுல கேன்சர் கட்டி. எடுத்தாச்சு."

அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "ஐயோ, பொம்பளைக இருக்கிற எடத்துல!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

விடிந்ததும் ஜினோ வந்தான். காப்பி வேண்டாமாம். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றான்.

"மதினி... அண்ணனுக்கு இருந்துச்சுல்ல? எனக்கும் இடதுபக்கம் ஒரு கட்டி தட்டுப்படுது."

இவர் உடனே எழுந்தார். சட்டையை மாட்டினார். "கெளம்புடா, போவோம்."

அத்தையும் செருப்பைத் தேடினார். ஒரு காலில் மாட்டியவர் என்னைப் பார்த்தார். கழற்றிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க ரெண்டு பேரும் போங்கப்பா. டேய் ஜினோ, வயிறுன்னு சொல்லித் தொலைக்காத."