கதவுக்குப் பின்னால் அழுதவள்

மார்ச் 4

என் அன்பு டீச்சருக்கு,

நலமா என்று கேட்டால் பதில் வராது. அதனால் படத்தைப் பற்றிக் கேட்கிறேன். வருடா வருடம் காலேஜில் நீ போட்டுக் காட்டும் அந்தக் கறுப்பு வெள்ளைக் கொலைப் படத்தைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். ஒலிப்பதிவு முழுக்க நான்தான். பழையது மேலா, புதியது மேலா, சொல். திட்டுவதானாலும் உன் கையெழுத்தில் திட்டு.

இன்னொன்று. கண்டவர் குரலையெல்லாம் பதிவு செய்தவன், என் அம்மா குரலை விட்டுவிட்டேன். நாம் பிரிந்த பிறகும் கடைசி வரை உன்னோடுதானே இருந்தார்கள். உன் போனில் ஏதாவது இருக்கிறதா?

உன்,
காதுக்காரன்


மார்ச் 12

அன்புள்ள உங்களுக்கு,

பார்த்தேன். இரண்டிலும் கொலைகாரன் அந்தப் பெண்ணின் அறைக்குள் போனதும் கதவு மூடிக்கொள்கிறது. பழையதில் சத்தமே இல்லை. வெளியே கொடியில் ஒரு துணி ஆடுகிறது, அவ்வளவுதான். உங்களுடையதில் கதவுக்குப் பின்னால் ஒருத்தி அழுகிறாள். என் பின்வரிசையில் ஒரு பெண், "யாருடி இவ, நிஜமாவே யாரோ செத்த மாதிரி அழுறா?" என்றாள்.

நிஜமாகவே ஒருத்தி செத்துத்தான் இருந்தாள். நம் பாப்பா போய்விட்டாள் என்று டாக்டர் வந்து சொன்னபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அழுத அழுகை அது. பக்கத்தில், ஒலிப்பதிவுக் கருவி இருந்த தோள்பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றீர்கள். துக்கம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

அது போகட்டும். அன்று காலை அதே கருவியைக் கட்டிலில் வைத்து அவளைப் பாடச் சொன்னீர்கள். பிறகு நான் கேட்டபோதெல்லாம் கருவி ஓடவில்லை என்றீர்கள். அவள் குரல் இருந்தால் அனுப்புங்கள். வேறு எதுவும் கேட்கமாட்டேன். அத்தையின் குரல் என் போனில் நிறைய இருக்கிறது. உங்களைத்தான் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
டீச்சர்


மார்ச் 19

அன்பு டீச்சருக்கு,

உன் காது யாருக்கும் வராது. அது உன் அழுகை என்று டைரக்டருக்கே தெரியாது. "யாருய்யா அந்தப் பொண்ணு, அடுத்த படத்துக்கும் கூப்பிடு" என்றார். சிரித்துவிட்டேன். கோபப்படாதே. எங்கே நின்றாலும் விரல் பொத்தானுக்குப் போய்விடுகிறது. வேலைப் புத்தி.

பாப்பா பாடியபோது கருவி ஓடியதுதான். ஆனால் அன்றன்று தேவையான துண்டை எடுத்துக்கொண்டு மீதியை அழித்துவிடுவது எங்கள் வழக்கம். மறுநாள் வேலைக்கு இடம் வேண்டுமே. அன்றும் கை பழக்கத்தில் அப்படியே செய்துவிட்டது. உன் அழுகை சுத்தமாக விழுந்திருந்தது. அவள் பாட்டில் மின்விசிறி இரைச்சல். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், கருவி ஓடவில்லை என்றேன்.

அம்மா குரலுக்குக் காத்திருக்கிறேன்.

உன்,
காதுக்காரன்


மார்ச் 26

அன்புள்ள உங்களுக்கு,

பழைய படம்தான் மேல்.

அத்தை பேசியதையெல்லாம் நேற்று உட்கார்ந்து கேட்டேன். ஓரிடத்தில், "அவன் வரலன்னா என்ன, எனக்கு அவன் மேல கோவமே இல்ல, சொல்லிடும்மா" என்கிறார்கள். பிறகு சின்ன வயதில் உங்களைக் கூப்பிட்ட பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இரைச்சலே இல்லை. சுத்தமாக விழுந்திருந்தது.

கேட்டு முடித்ததும் ஒவ்வொன்றாக அழித்தேன். துண்டு எதுவும் எடுத்து வைக்கவில்லை.

டீச்சர்