சனிக்கிழமைப் பறவைப் பாடம்

மார்கழி 3, வியாழன்

பனி. மூட்டு வலி. தைலப் புட்டி காலி. தீர்ந்ததா, தீர்த்தார்களா, தெரியாது.

காபி குடிக்கும்போது போனில் சத்தம். ஆறு இலக்கத்தில் ஓர் எண். படித்து முடிப்பதற்குள் பேத்தி பவி ஓடி வருகிறாள்.

"அப்பாயி, உங்க போனுக்கு ஓடிபி வந்துச்சுங்களா? சீக்கிரம் சொல்லுங்!"

என் போனுக்கு வந்தது இவளுக்கு எப்படித் தெரியும்? சொல்லவில்லை. யாரிடமும் சொல்லாதீர்கள் என்று போனிலேயே ஒரு பெண் ஓயாமல் சொல்கிறாள். யாரும் என்றால் பேத்தியும்தான்.

கொஞ்ச நேரத்தில் எண் செத்துப்போனதாம். பவி கதவை அறைந்து சாத்தினாள். பிறகு அவளே வந்து விளக்கினாள். பொங்கல் கழிந்து அடுத்த செமஸ்டர். பி.காம். படிக்கிறவள் வேறு துறைப் பாடம் ஒன்றும் எடுத்தாக வேண்டும். எதை எடுத்தாலும் வீட்டுப் பெரியவர் போனுக்கு எண் வரும். அவள் அப்பன் செல்வராசு மாதத்துக்கு ஒரு சிம் மாற்றுகிறவன், அதனால் இவளைக் கல்லூரியில் சேர்க்கும்போது என் நம்பரைக் கொடுத்துவிட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்டானா? சரி, பெற்ற பிள்ளை.

பட்டியலைக் காட்டச் சொன்னேன்.

காளான் வளர்ப்பு. மடத்துக்குளத்தில் என் தங்கச்சி ஓலைச் சாளைக்குள் வளர்த்தாள். எனக்கு ஒரு பொட்டலம் கொடுத்தாளா? இல்லை.
ஜெர்மன் மொழி. பனியன் வாங்க வருகிறவனோடு பேசவாம்.
பங்குச் சந்தை. சூதாட்டத்துக்கு வாத்தியார் வேறு.
மனநல ஆலோசனை. பக்கத்து வீட்டுச் சரசு படிக்காமலேயே செய்கிறாள், ஊரெல்லாம் சொல்லியும் விடுகிறாள்.
ஏற்றுமதி ஆவணங்கள். வகுப்பே கிடையாது, வீட்டிலிருந்தே போனில்.
பறவைகளை அறிதல். சனிக்கிழமைதோறும் விடிகாலை, குளக்கரையில்.

பவிக்கு வேண்டியது கடைசியில் இருப்பது. வயசுப்பிள்ளை, விடிகாலை, குளக்கரை. கொக்கு பார்க்கவாம்.

மார்கழி 4, வெள்ளி

இட்லி கல் மாதிரி. மருமகள் கோமதி உளுந்தைக் குறைத்துவிட்டாள்.

காலையில் பவி மாடிப்படியில் நின்று போனில்: "ஆறு மணிக்கே நிக்கோணும்டி. லேட்டானா பறந்துரும். அப்பாகிட்ட மூச்சு விட்றாத." எது பறந்துவிடும்? அப்பனிடம் ஏன் சொல்லக்கூடாது?

கோமதியிடம் கேட்டேன். "புடிச்சதைப் படிக்கட்டுங்க அத்தை" என்றாள். மருமகள் இவ்வளவு சுலபமாகச் சரி சொல்லி நான் பார்த்ததில்லை. இவள் அண்ணன் மகன் ஒருத்தன் அந்தக் குளத்துப் பக்கத்துக் கல்லூரியில்தான் படிக்கிறான். அந்த அண்ணன், பவி காதுகுத்துக்குத் தாய்மாமன் ஆகியும் பந்தி முடிந்த பிறகு வந்தவன். பச்சைச் சட்டை. பஸ் கிடைக்கவில்லை என்றான். அன்றைக்கு அவிநாசித் தேர்கூட இல்லை, பஸ் எல்லாம் காலியாகத்தான் ஓடியது.

சாயங்காலம் பவியின் சிநேகிதி ஜெனி வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், அப்பா கட்டிங் மாஸ்டர். நேராகவே கேட்டேன், குளத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று.

"பாட்டி, நாங்க வாத்துதான் பாக்கப் போறோம். மாப்பிள்ளையா பாக்கப் போறோம்?" என்று சிரிக்கிறாள். "நாளைக்குப் பாடம் எப்படின்னு காட்டுறதுக்கு மேடம் கூட்டிட்டுப் போறாவ. நம்பிக்கை இல்லேன்னா நீங்களும் வந்து பாத்துக்கிடுங்க."

வரமாட்டேன் என்று நினைத்துச் சொன்னாள். வருகிறேன் என்றேன். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தேன். பவி முழித்தாள். ஜெனி முழிக்கவில்லை. கெட்டிக்காரி. கவனிக்க வேண்டும்.

மார்கழி 5, சனி

ஆட்டோவில் போனோம். குளிர் காதுக்குள் போகிறது. மேடம் ஒருத்தி, தலையில் மப்ளர். பத்துப் பன்னிரண்டு பெண்கள். பையன் ஒருத்தன்தான், தும்மிக்கொண்டே இருந்தான், ஒரு பெண்ணும் அவன் பக்கம் போகவில்லை. கோமதியின் அண்ணன் மகன் இல்லை. கரை முழுக்க நடந்து பார்த்துவிட்டேன்.

வாத்து நிஜமாகவே இருந்தது. தலையில் இரண்டு கறுப்புக் கோடு. இமயமலை தாண்டி வருகிறதாம். எனக்கு நம்பிக்கை இல்லை, அவ்வளவு தூரம் வந்து இந்தக் குளத்தில் என்ன வேலை?

பவி கண்ணில் பைனாகுலரை வைத்தவள் எடுக்கவே இல்லை. மேடம் கேட்கக் கேட்க, பேர், ஆணா பெண்ணா, எங்கே கூடு, எல்லாம் சொல்கிறாள். வீட்டில் ஒரு கேள்விக்கு ஒரு வார்த்தை பதில் சொல்கிற பிள்ளை. அப்பனோடு அவன் தையல் கம்பெனிக்குப் போய்க் கணக்கு எழுதித் திரும்பும்போது முகம் துவைத்துப் போட்ட துணி மாதிரி இருக்கும். இன்று அப்படி இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மறுபடி எண் வந்தது. கதவைச் சாத்தச் சொல்லி, ஒவ்வொன்றாகச் சொன்னேன். இடம் கிடைத்துவிட்டது. பவி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். காரியம் ஆனதும் கட்டிக்கொள்வார்கள், தெரியும். இருந்தாலும்.

மார்கழி 7, திங்கள்

மதியம் செல்வராசு வந்தான். தையல் கம்பெனி வைத்ததிலிருந்து மதியம் வீட்டுக்கு வந்தவனே இல்லை. கையில் தேங்காய் பன். மூட்டு எப்படி என்றான். பக்கத்தில் உட்கார்ந்து தன் போனை நோண்டிக்கொண்டிருந்தான். என் போன் சத்தம் போட்டது.

"அம்மா, ஒரு நம்பர் வந்துருக்கும் பாரு, சொல்லு."

சொன்னேன். ஆறையும் சொன்னேன். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. பன் நன்றாக இருந்தது.

சாயங்காலம் பவி வந்தாள். தன் போனைப் பார்த்தாள். பறவைப் பாடம் போய்விட்டது. அந்த இடத்தில் ஏற்றுமதி ஆவணங்கள்.

"யாருக்குங்க அப்பாயி நம்பர் சொன்னீங்?"

அடுப்படியைப் பார்த்தேன், கோமதி வேலைதான் என்று. அதற்குள் நாக்கில் பன் ருசி வந்துவிட்டது.

செல்வராசு வந்தான். ஒளிக்கவும் இல்லை. "சனிக்கிழமை சம்பள நாள் கண்ணு. நீ காலையிலயே வராம ஆளுகளுக்கு ஷிப்டுக் கணக்கு யாரு போடுவா? கிளார்க்கையும் நிறுத்திட்டேன். கொக்கு பாத்து என்ன பண்ணப் போறே? இது ஊட்ல இருந்தே படிச்சுக்கலாம்."

பவி பையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

கோமதிதான், "புள்ளையை ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்திருக்கலாமுங்க" என்றாள். மெதுவாகத்தான். ஆனாலும் அவன் முகத்துக்கு நேராக.

இந்த வீட்டில் எல்லார் மேலும் ஒரு கண் வைத்திருந்தேன். அவன் மேல் வைக்கவில்லை.

மார்கழி 8, செவ்வாய்

பாடத்தை மாற்ற இன்று சாயங்காலம் வரைதான். பறவையில் இன்னும் இரண்டு இடம் இருக்கிறதாம். காலையில் பவி சொன்னாள். போனைத் தேடினால் இல்லை. சார்ஜ் நிற்கவில்லை, சரிசெய்து தருகிறேன் என்று செல்வராசு கம்பெனிக்கு எடுத்துப் போய்விட்டான். என் போனில் சார்ஜ் நன்றாகத்தான் நிற்கும்.

"மத்தியானம் காலேஜ்ல சாப்பாட்டு பெல் அடிச்சதும் எனக்குப் போன் பண்ணு கண்ணு" என்று அனுப்பினேன். "போன் என்ற கையில இருக்கும்."

பெல்லுக்கு முன்பே கம்பெனிக்குப் போய்விட்டேன். இரண்டு தெரு. மெஷின் சத்தம். வடக்கத்திப் பெண் ஒருத்தி எழுந்து ஸ்டூல் போட்டாள். உட்காரவில்லை.

"என்ற போனைக் குடு."

"எதுக்கும்மா இங்க வந்தே? சாயங்காலம் நானே..."

"இப்பக் குடு."

இத்தனை டைலர் பார்க்கும்போது என்ன செய்வான்? கொடுத்தான். கம்பெனியிலும் சாப்பாட்டு பெல் அடித்தது. போனும் அடித்தது.

"அப்பாயி, இப்ப நம்பர் வருமுங்."

அவனுக்கும் கேட்டது. "வெக்கச் சொல்லும்மா. ஊட்ல போய்ப் பேசிக்கலாம்."

"ஊட்ல பேசறவனா இருந்தா நேத்தே பேசிருப்பே."

எண் வந்தது. அவன் எதிரிலேயே சொன்னேன். பவிக்குக் கேட்கவில்லை, ஒன்றிரண்டு பேர் சாப்பிடப் போகாமல் இன்னும் தைத்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி கத்திச் சொன்னேன். அவர்களும் மெஷினை நிறுத்திவிட்டார்கள். அவன் கை நீட்டிப் பிடுங்கவில்லை. அவ்வளவு மரியாதை மிச்சம் இருக்கிறது.

"கெடச்சிருச்சுங் அப்பாயி!" பின்னால் ஜெனி கத்தும் சத்தம்.

"அப்பச் சனிக்கிழமைக்கு நான் என்ன பண்றது?" என்றான்.

"கிளார்க்கைக் கூப்புடு" என்றேன்.

ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தவன் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும். கோமதி எனக்கு நெய் கூடுதலாகவே ஊற்றினாள். ஏன் என்று யோசிக்கிறேன்.

பவி கல்லூரி இணையப் பக்கத்துக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டாளாம். இதுவரை பிறந்த தேதியை வைத்திருந்தாள், பெற்றவனுக்குத் தெரியாதா அது. என் போனுக்கும் ஒரு பூட்டு போட்டுக் கொடு என்றேன். எங்கே அழுத்துவது என்று காட்டினாள். அவளைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு நானே எண் போட்டேன். என்ன எண் என்று கேட்டாள். சொல்லவில்லை. இங்கேயும் எழுதவில்லை.