குளித்த பின் எண்ணெய்

துடியலூர்,
1934 மார்கழி

குன்னூரில் கிழங்குத் தோட்டம் பார்க்கும் என் வீட்டுக்காரருக்கு,

குளிரில் விரலெல்லாம் வெடித்து ரத்தம் கசிவதால் வேறொருவரை எழுதச் சொன்னதாகக் கடிதம் வந்தது. பக்கத்து வீட்டு மயிலாத்தாள் எட்டிப் பார்த்து, "ஏனுங்க அம்மணி, புள்ளியெல்லாம் கோலத்துக்கு வெச்சாட்ட இருக்குதுங்களே! பொம்பளை எழுத்துங்க இது" என்றாள். நான் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

வெடிப்புக்குக் காரணம் எனக்குத் தெரியும். கிழங்கு மண் போவதற்காகச் சுடுதண்ணீரில் அரப்புத்தூள் போட்டுத் தேய்த்திருப்பீர்கள். அரப்பை விடுங்கள். இங்கே எண்ணெய் தேய்த்துவிட்டுக் குளிக்கிறோம். அங்கே மாற்றிச் செய்யுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்து, ஈரம் காயும் முன்னே, கடிதத்தோடு அனுப்பியிருக்கும் இந்த விளக்கெண்ணெயைத் தடவிக்கொள்ளுங்கள். தேன்மெழுகு உருக்கிச் சேர்த்திருக்கிறேன். உங்கள் கையாலேயே தடவ வேண்டும், வேறு கை வேண்டாம்.

எட்டு நாளில் ஆறிவிடும். பத்தாம் நாள் உங்கள் கையெழுத்தில் கடிதம் வர வேண்டும். வராவிட்டால் மேட்டுப்பாளையத்தில் ரயிலேறி நானே வருவேன். எழுதிக் கொடுத்த அந்த அம்மணிக்கும் நேரில் நன்றி சொல்ல வேண்டுமல்லவா?

இந்த எண்ணெயை முதலில் என் குதிகால் வெடிப்புக்குத்தான் போட்டுப் பார்த்தேன். இப்போது எவ்வளவு தூரமும் நடக்க முடிகிறது.

உங்கள் வீட்டுக்காரி