செண்பகம் கேட்ட நற்சான்று

தூத்துக்குடி,
12 மார்ச் 1947.

செல்வி என்னும் அடைமொழியைத் துறந்த செண்பகத்துக்கு, தேவகனி எழுதுவது. நலம், உன் நலத்தையும் அவ்வாறே எண்ணிக்கொள்கிறேன்.

கடிதம் கிடைத்தது. கொழும்புப் பள்ளியில் உனக்கு வேலை உறுதி என்றும், பழைய தலைமையாசிரியையான என் நற்சான்று பதினெட்டாம் தேதிக்குள் சேராவிட்டால் அந்த வேலை வேறொருத்திக்குப் போய்விடும் என்றும் எழுதியிருக்கிறாய். உன் கணவர் சிவசுப்பிரமணியனுக்குத் துறைமுக வேலை போய் நான்கு மாதமாம். மூட்டை எண்ணுவதற்கு அவர் கடல் கடந்திருக்க வேண்டியதில்லை. இங்கும் மூட்டைகள் உண்டு.

‘ஏன் அக்கா அப்படிச் செய்தீர்கள்’ என்று கேட்டிருக்கிறாய். ஆறு வருடம் கழித்து வந்த கேள்வி. நம் பள்ளியில் சேரும் பெண் ஒவ்வொருத்தியும் முதல் நாளே தேதியிடாத ராஜினாமாவில் கையெழுத்திட்டுத் தருவது வழக்கம். அவளுக்கு மணமானால் தலைமையாசிரியை தேதியை நிரப்புவாள். இது உனக்குத் தெரியும். தெரிந்தும், இரவு உணவின்போது, மீன்முள்ளை ஒதுக்கியபடியே, ரகசியமாகத் தாலி கட்டிக்கொண்டதைச் சொன்னாய். தோழியிடம் சொல்வதாக நினைத்தாய். நான் உனக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன். காலையில் தேதியை நிரப்பினேன். ஒன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தும், நான் பதவியைப் பள்ளியிலேயே ஆணியில் மாட்டிவிட்டு வருபவள் என்று எப்படி நம்பினாய்?

பள்ளி விதி உன்னை வெளியேற்றியது என்றே எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். விதிக்கு அத்தனை அவசரம் இருந்ததில்லை. தையல் ஆசிரியை அந்தோணியம்மாள் மணமான பின்னும் ஐந்து மாதம் வேலை பார்த்தாள், நான் கண்டுகொள்ளவில்லை.

இங்கே சங்கு குளிக்கும் பருவம். கடற்கரைத் தெருப் பிள்ளைகள் வகுப்புக்கு வருவதில்லை. சமையற்காரி செல்லத்தாய் காவற்காரனிடம் என்னைப் பற்றி, ‘செண்பகம் டீச்சர் போன பொறவு பெரியம்மா எதை ஆக்கிப் போட்டாலும் கொறை சொல்லுதாவ, அவுகளுக்கு நாக்கு செத்துப்போச்சு’ என்றாளாம். குழம்புதான் மோசம்.

நற்சான்றை எழுதி முத்திரையும் வைத்துவிட்டேன். என் பணிக்காலத்தில் உன்னைவிடச் சிறந்த ஆசிரியையைக் கண்டதில்லை என்று எழுதியிருக்கிறேன், அது உண்மை. இந்த உறையில் அதைத் தேடாதே. தபாலில் அனுப்ப மாட்டேன். தனுஷ்கோடி வழியாக வந்து என் கையிலிருந்து வாங்கிக்கொள். போய்த் திரும்புவதற்குள் பதினெட்டாம் தேதி கடந்துவிடுமே என்பாய். கடந்துவிடும், நாள் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஜூன் மாதத்தோடு எனக்கு ஓய்வு. அதுவரை இந்த வீடு உண்டு. உன் அறையை யாருக்கும் கொடுக்கவில்லை. தனியாக வா.

கர்த்தர் உனக்கு அலையில்லாத கடலைத் தரட்டும். நடுவழியில் உன்னைத் திரும்பவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தேவகனி